வார்டில் மடியும் கேள்விகள்

சான்று சார்ந்த மருத்துவத்தை நலவாழ்வுப் பணியாளர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இதைப் பேச வருகிறவர்கள் ஆய்வு வகைகளை மேலிருந்து கீழாக அடுக்கிய முக்கோணப் படம் ஒன்றைத் திரையில் போட்டுத் தொடங்குவது வழக்கம். அந்தப் படத்தை இங்கிருக்கும் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நான் 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 103 குடும்ப மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் நாள்களில், அவர்கள் மனத்தில் எழுந்த ஐயங்களை ஆய்வாளர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இந்த மருந்தின் அளவு என்ன, இந்தத் தடிப்புக்குக் காரணம் என்ன, இந்தச் சோதனை இவருக்குத் தேவையா என்பது போல மொத்தம் 1,101 கேள்விகள். அவற்றில் 702 கேள்விகளுக்கு, அதாவது நூற்றுக்கு 64-க்கு, உடனே யாரும் விடை தேடவில்லை. தேடியவற்றில் ஐந்தில் நான்குக்கு விடை கிடைத்தது. அதற்குச் சராசரியாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆய்வுக் கட்டுரைகளை முறையாகத் தேடியது மொத்தத்தில் இரண்டே முறை.

இந்த எண்களைப் பார்த்து அந்த மருத்துவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தேடியபோது விடையும் கிடைத்திருக்கிறது. கேள்விக்கும் தேடலுக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்துபோகிறது. நம் கல்லூரிகள் சான்றைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு செய்வதெல்லாம் இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை. சமூக மருத்துவத் துறை சில மணி நேரம் புள்ளியியல் நடத்துகிறது. பட்டமேற்படிப்பில் தீசிஸ் கட்டாயம். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தைப் பி.ஜி. மாணவர்கள் முடித்தாக வேண்டும், நல்ல பாடம்தான். ஆனால் இவையெல்லாம் ஆய்வு செய்யக் கற்றுத்தருகின்றன. நம்மிடம் படித்து வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் இன்னொரு ஆய்வு செய்யப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் யாரோ செய்த ஆய்வைப் பயன்படுத்தியோ புறக்கணித்தோ முடிவெடுக்கப் போகிறார்கள். அதைக் கற்றுத்தருவதாகச் சொல்லப்படும் ஜர்னல் கிளப்போ, வார்டில் கிடக்கும் எந்த நோயாளியோடும் தொடர்பில்லாத ஒரு கட்டுரையை, குழுவிலேயே இளையவர் ஸ்லைடு ஸ்லைடாகப் படிக்க, மற்றவர்கள் சமோசா வரும்வரை காத்திருக்கும் சடங்காகப் பல துறைகளில் ஆகிவிட்டது.

என் வாதம் இதுதான்: சான்று சார்ந்த செயல்முறையைக் கேள்வி பிறக்கும் இடத்தில், கேள்வி பிறந்த நேரத்தில், அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முழுக் குழுவுக்கும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். தனிப் பாடமாகப் பிரித்துக் கற்பித்தால் அது தேர்வோடு போய்விடும். இது விருப்பத்தின் பேரில் சொல்வது இல்லை. 2004-இல் பிரிட்டனில் அரி குமாரசாமியும் காலித் கானும் பட்டமேற்படிப்பு நிலையில் இதைக் கற்பித்த 23 ஆய்வுகளைத் திரட்டி மீளாய்வு செய்தார்கள். வகுப்பறையில் தனியாக நடத்தப்பட்ட பயிற்சி மாணவர்களின் அறிவைக் கூட்டியது. திறன், மனப்பாங்கு, நடத்தை ஆகிய மூன்றையும் அசைக்கவில்லை. நோயாளிப் பணியோடு கலந்து நடத்தப்பட்ட பயிற்சி நான்கையும் மேம்படுத்தியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு 23 ஆய்வுகள் தேவையா என்று கேட்கலாம். தேவைதான். ஏனென்றால் அந்த முடிவு வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் சுரைக்காயை ஏட்டில்தான் வரைந்துகொண்டிருக்கிறோம்.

வார்டில் கற்பிப்பது எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சான்று சார்ந்த மருத்துவ இயக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவரான டேவிட் சாக்கெட் ஆக்ஸ்போர்டுக்கு வந்தபின், தன் யூனிட்டின் ரவுண்ட்ஸோடு ஒரு தள்ளுவண்டியை இணைத்தார். கணினி, திரட்டி வைத்த மீளாய்வுகள், முன்பு தேடிக் கண்ட விடைகளின் ஒருபக்கச் சுருக்கங்கள் எல்லாம் அந்த வண்டியில். வண்டி இருந்த மாதத்தில் தேடியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்தது. சிலவற்றில் சிகிச்சையே மாறியது. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அதற்குப் பின் நடந்ததுதான். வண்டியை எடுத்துவிட்டபோது சான்று தேவை என்ற உணர்வு குழுவினரிடம் முன்னைவிடக் கூடியிருந்தது. ஆனால் உண்மையில் தேடியது 12 விழுக்காட்டு முறைதான். 1998-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள், தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டால் போதும் என்று முடிவுகட்டினார்கள். இன்று அந்த வண்டியில் இருந்ததைவிடப் பல மடங்கு ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனின் சட்டைப்பையிலும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இலேயே, மீளாய்வுகளைத் திரட்டித் தரும் கோக்ரேன் நூலகத்தை நாட்டில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்பாடு செய்தது. தூரம் குறைந்துவிட்டது. பழக்கம் வரவில்லை. வண்டியோடு சேர்ந்து அன்று வார்டுக்குள் வந்தது, "இதற்கு ஆதாரம் என்ன, பார்த்துவிடலாமா" என்று தானே முதலில் கேட்கும் ஒரு யூனிட் சீஃப். அவரைச் சட்டைப்பையில் வைக்க முடியாது.

அனுபவம் இருக்கும்போது இந்தத் தேடலெல்லாம் எதற்கு என்ற கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு வார்டில் நின்றவரின் கண் பார்ப்பதைப் புத்தகம் பார்க்காது. ஆனால் அனுபவத்தின் கண்ணுக்குத் தெரியாத அளவுகள் சில உண்டு. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் இருந்தது. மூளை வீக்கம் குறையும் என்ற விளக்கம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. கிராஷ் எனப்படும் ஆய்வில் 10,008 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வந்தது: இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 18 பேரும் இறந்திருந்தார்கள். தலைக்காயத்தில் பதினெட்டுப் பேர் இறக்கும் வார்டுக்கும் இருபத்தொரு பேர் இறக்கும் வார்டுக்கும் உள்ள வேற்றுமையை எந்த நிபுணரின் நினைவும் பிடித்துவைக்காது. கடுமையான காயத்தோடு வந்தவர் இறந்தால் காயம் கொன்றது என்போம். பிழைத்தால் மருந்து காத்தது என்போம். அந்த வழக்கத்தைப் பின்பற்றியவர்கள் திறமையற்றவர்களோ அக்கறையற்றவர்களோ இல்லை. நூற்றுக்கு மூன்று என்ற தீங்கு அவர்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்கவே முடியாது. இதை மாணவருக்குக் காட்டுவதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அனுபவத்தை இழிவுபடுத்தாமல், அதன் பார்வை எதுவரை எட்டும் என்று அளந்துகாட்டும் பாடம்.

செவிலியர் பணியிலும் இதே கதைதான். ரைல்ஸ் டியூப் இரைப்பைக்குள் போயிருக்கிறதா என்று அறிய, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றின்மேல் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறை தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. குழாய் தவறிப்போய் நுரையீரலுக்குள் கிடந்தாலும் அதே ஓசை கேட்கக்கூடும். பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-இலேயே இதை நம்ப வேண்டாம், உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைச் சோதியுங்கள் என்று எச்சரித்தது. நம் ஊரில் ஒரு இளம் ஸ்டாஃப் நர்ஸ் இதைப் படித்துவிட்டு வந்து வார்டில் சொன்னால் என்ன ஆகும் என்பதை அவையினரின் கற்பனைக்கு விடுகிறேன்.

புள்ளியியல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு வேண்டும், எந்த வடிவில் வேண்டும் என்பதுதான் கேள்வி. 1978-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்த மருத்துவர்கள் என 60 பேரிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய். அதைக் கண்டறியும் சோதனை, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று காட்டும். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் நோய் உண்மையில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? மிக அதிகம் பேர் சொன்ன விடை 95 விழுக்காடு. சரியாகச் சொன்னவர்கள் 60-இல் 11 பேர். இதே கணக்கை ஆள்கணக்கில் சொல்லிப் பாருங்கள்: ஆயிரம் பேர் வருகிறார்கள், ஒருவருக்கு நோய், அவருக்குப் பாசிட்டிவ், மீதமுள்ளவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு வெறும் பாசிட்டிவ். ஐம்பத்தொரு பேரில் ஒருவருக்குத்தான் நோய், அதாவது நூற்றுக்கு இரண்டு. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் குழுவினர் மருத்துவர்களிடம் விழுக்காட்டுக்குப் பதில் இப்படி ஆள்கணக்கில் கேட்டபோது சரியான விடைகள் பல மடங்கு கூடின. மருத்துவர்களுக்குக் கணக்கு வராது என்பது பொய். கணக்கை அவர்களுக்கு நாம் கொடுக்கும் வடிவம்தான் தடை. "அபாயம் பாதியாகக் குறைகிறது" என்று மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சொல்லும்போது, "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பது எத்தனை பேரில் எத்தனை பேராகக் குறைகிறது" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தால் பாதிப் புள்ளியியல் வந்துவிட்டது. பி மதிப்பின் வரையறையை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தும் இதைக் கேட்கத் தெரியாத பி.ஜி.க்கள் ஏராளம்.

இனி, சான்றைக் கற்பிப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதையை நானும் சொல்லப்போகிறேன். ஆனால் அவர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல். கோக்ரேன் அமைப்பின் சின்னத்தில் ஒரு செங்குத்துக் கோடும் அதன் குறுக்கே சில கிடைக்கோடுகளும் இருக்கும். ஒவ்வொரு கிடைக்கோடும் ஓர் ஆய்வு. குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்ற நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறதா என்பது கேள்வி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மாண்ட் லிகின்ஸ் இதை முதலில் ஆட்டுக்குட்டிகளில் கவனித்தார். பிறகு ராஸ் ஹவீயோடு சேர்ந்து தாய்மார்களிடம் ஆய்வு செய்து 1972-இல் வெளியிட்டார். ஊசி போடாத குழுவில் நூற்றுக்கு 15 ஆக இருந்த தொடக்கநாள் சிசு மரணம், போட்ட குழுவில் 3.2 ஆக இருந்தது. அடுத்த ஆண்டுகளில் வேறு பல சிறிய ஆய்வுகள் வந்தன. தனித்தனியே பார்த்தால் சில உறுதியாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த மீளாய்வு 1980-களின் இறுதியில்தான் அச்சேறியது. இறப்பு கணிசமாகக் குறைகிறது என்பதில் அதற்குப் பிறகு ஐயம் இல்லை. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 1994-இல்தான் இந்தச் சிகிச்சையைப் பரவலாகப் பரிந்துரைத்தது. நடுவில் போன இருபது ஆண்டுகளில், கிடைத்திருக்க வேண்டிய ஊசி கிடைக்காமல் இறந்த குழந்தைகளின் நினைவாகத்தான் 1993-இல் தொடங்கிய கோக்ரேன் அமைப்பு அந்தப் படத்தைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. மீளாய்வைப் படி, அதன்படி நட என்ற நீதியோடு வகுப்பு கலையும்.

கதையின் மறுபாதி 2015-இல் லான்செட் இதழில் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, அர்ஜென்டினா, குவாதமாலா ஆகிய ஆறு நாடுகளில், ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசவங்கள் நடந்த பகுதிகளில், பெரிய மருத்துவமனையிலிருந்து கிராம நிலையம் வரை எல்லா மட்டத்திலும் இதே வகை ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு அது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு ஆயிரத்துக்கு 23.9-இலிருந்து 27.4 ஆகக் கூடியிருந்தது. தாய்மார்களிடம் நோய்த்தொற்று ஐயமும் கூடியது. அதே வகை மருந்துதான். வேறுபட்டது சுற்றுச்சூழல். கர்ப்ப வாரத்தைத் துல்லியமாகச் சொல்ல ஸ்கேன் இல்லாத இடங்களில், மாதம் நிறைந்து பிரசவித்த பல தாய்மார்களுக்கும் ஊசி போயிருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் எல்லா இடத்திலும் இல்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, கர்ப்ப வாரத்தை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, தாய்க்கும் சிசுவுக்கும் ஓரளவு நல்ல பராமரிப்பு இருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் ஆய்வு செய்தது. 2020-இல் முடிவு: சிசு மரணம் நூற்றுக்கு 23.5-இலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ஊசி மறுபடியும் உயிர் காத்தது.

முதல் பாதியை மட்டும் கற்ற மாணவர் ஒரு விதியோடு வெளியேறுகிறார். முழுவதையும் கற்றவர், தன் முன்னால் படுத்திருக்கும் தாயைப் பற்றி நான்கைந்து கேள்விகளோடு நிற்கிறார். இவருக்கு எத்தனை வாரம், அது எப்படித் தெரியும், காய்ச்சல் இருக்கிறதா, இந்தக் கட்டடத்தில் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இல்லையென்றால் பிரசவத்துக்கு முன்பே இவரை வேறிடம் அனுப்ப நேரம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை வகுப்பறையில் பட்டியலாகக் கொடுக்கலாம். மாணவர் எழுதியும் கொள்வார். ஆனால் அவற்றுக்கான விடைகள் கேஸ் ஷீட்டிலும் தாயின் கையிலுள்ள ஸ்கேன் தாளிலும் பிரசவ அறைச் செவிலியரின் அறிவிலும்தான் இருக்கின்றன. ஆய்வின் தரத்தை மட்டும் அலசக் கற்பிக்கும் வகுப்பு, ஆய்வுக்கும் நோயாளிக்கும் இடையிலான இந்தப் பாதி வேலையை விட்டுவிடுகிறது. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வேடிக்கை ஆய்வை வெளியிட்டது. விமானத்திலிருந்து குதிப்பவர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பாராசூட்டும் மற்றவர்களுக்கு வெறும் முதுகுப்பையும் கொடுத்தார்கள். காயத்தில் எந்த வேற்றுமையும் இல்லை. விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது; குதித்த உயரம் அறுபது சென்டிமீட்டர். ஆய்வின் முறைமையில் குறை காண்பது எளிதில்லை. ஆய்வில் யார், எந்த நிலையில் இருந்தார்கள் என்று கேட்கிறவருக்கு மட்டும் சிரிப்பு வரும்.

சான்றெல்லாம் வெள்ளைக்காரர்களின் உடலில் எடுத்தது, நம் மக்களுக்குப் பொருந்தாது என்ற மறுப்புக்கு மேலே சொன்னதில் பாதி விடை இருக்கிறது: பொருந்துமா என்று கேட்பதே இந்தப் பயிற்சியின் உள்ளடக்கம். மீதி விடை சென்னையிலேயே இருக்கிறது. காசநோய்க்குச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வு, சத்துணவு, நல்ல காற்று இவை இன்றியமையாதவை என்று உலகம் நம்பிய காலத்தில், 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரத்தின் ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பியது. மறுபாதிக்கு வீட்டிலேயே ஓராண்டு மாத்திரை கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசம், இடநெருக்கடி அதிகம், ஓய்வு குறைவு. இருந்தும் குணமான அளவு ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு சானடோரியங்களின் காலத்தை உலகெங்கும் முடித்துவைத்தது. 2004-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவினர், கொந்தளிப்போடு கொண்டுவரப்படும் நோயாளிக்கு எந்த ஊசி முதலில் என்ற அன்றாடக் கேள்வியை எடுத்து, அவசரப் பிரிவிலேயே 200 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து விடை கண்டார்கள். இரண்டும் நோயாளிப் பணியில் பிறந்த கேள்விகள். நோயாளிகள் இருந்த இடத்திலேயே விடை பெற்றவை. இவை நம் பாடப்புத்தகங்களில் எத்தனை வரி பெறுகின்றன என்று மாணவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவத்தைச் சமையல் குறிப்பாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. 1992-இல் இந்த இயக்கம் அறிமுகமான கட்டுரையின் தொனியில் அனுபவத்தைத் தள்ளிவைக்கும் துடுக்கு இருந்தது. அதற்கான எரிச்சல் நியாயமானதே. சாக்கெட் 1996-இல் சிறந்த ஆய்வு, மருத்துவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர்ந்ததுதான் இது என்று திருத்திச் சொன்னார். அதோடு அந்த விவாதத்தை விடலாம்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. வார்டில் கேள்வி மடிவதற்கு நேரமின்மையைவிடப் பெரிய காரணம் அங்கே நிலவும் அடுக்குமுறை. சீஃப் முன்னால், பின்னால் உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் பி.ஜி., அப்புறம் ஹவுஸ் சர்ஜன், கடைசியில் கேஸ் ஷீட்டோடு செவிலியர். இந்த வரிசையில் கேள்வி மேலிருந்து கீழேதான் பாயும். கீழிருந்து மேலே போகும் கேள்விக்குத் திமிர் என்று பெயர். 2006-இல் வெளியான மிச்சிகன் ஆய்வு இதற்கு நல்ல மாற்றுச் சாட்சி. அந்த மாநிலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய ரத்தக்குழாயில் செருகும் கதீட்டர் வழியாக வரும் தொற்றைக் குறைக்க ஐந்து செயல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: கை கழுவுவது, முழு உடை மறைப்பு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, தொடை வழியைத் தவிர்ப்பது, தேவையில்லாத கதீட்டரை எடுத்துவிடுவது. ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்தவை; சான்று உள்ளவை. புதிதாகச் சேர்த்தது, மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால் செயல்முறையை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குத் தந்தது. ஆயிரம் கதீட்டர் நாளுக்கு 2.7 ஆக இருந்த இடைநிலைத் தொற்று அளவு மூன்று மாதத்தில் பூஜ்யம் ஆனது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. அதிகாரம் ஒன்றுதான் காரணம் என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவ மாணவருக்கு ஒரு கட்டடத்திலும் செவிலிய மாணவருக்கு இன்னொரு கட்டடத்திலும் தனித்தனியாகச் சான்றைக் கற்பித்துவிட்டு, வார்டில் இருவரும் ஒருவர் கேள்விக்கு ஒருவர் காது கொடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

நேரமே இல்லை என்பது நம் அரசு மருத்துவமனைகளைப் பார்த்தவர் எவரும் மறுக்க முடியாத வாதம். ஓ.பி.யில் நிற்கும் வரிசையைக் காட்டி, இதில் எங்கே தேடுவது என்று கேட்டால், ஓ.பி.யில் தேட வேண்டாம் என்பதே என் விடை. ரவுண்ட்ஸுக்கு ஒரு கேள்வி போதும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டவரின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். இரண்டு பேர் பார்த்துவிட்டு மறுநாள் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். மூல ஆய்வுகளை அவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. அலசி முடித்த மீளாய்வு, நல்ல வழிகாட்டி நெறி இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். சில நாள் விடை கிடைக்காது. இதற்கு யாரிடமும் விடை இல்லை என்பது தெரியவருவதும் மறுநாள் சொல்லத் தகுந்த செய்திதான்.

சான்றே கறைபட்டது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மனச்சோர்வுக்கான ரிபாக்செட்டின் மருந்தை ஜெர்மனியின் ஆய்வு நிறுவனம் 2010-இல் அலசியபோது, அதுவரை ஆய்வுகளில் பங்கேற்ற நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரின் தரவுகள் வெளியிடப்படவே இல்லை என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் மருந்துக்குப் பலன் இல்லை. இப்படிப்பட்ட உலகில் வெளியான கட்டுரைகளைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது மாணவரை ஏமாற்றுக்காரர்களிடம் அனுப்புவதாகாதா? ஆனால் இந்த மோசடியைக் கண்டுபிடித்தது யார், எந்தக் கருவியால் என்று பார்த்தால், அதே மீளாய்வு முறைதான். இந்தியாவில் மருந்தாய்வுகளைத் தொடங்கும் முன்பே பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயம். பதிவேட்டில் சொன்னதும் கட்டுரையில் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிட ஒரு பி.ஜி.க்குக் கற்றுத்தர அரை மணி நேரம் ஆகும். ஜர்னல் கிளப்பைச் சடங்கிலிருந்து மீட்க வேண்டும் என்றால் அதில் செய்யத்தக்க முதல் வேலை இது.

கடைசியாக, இந்தக் கல்வியைத் தன் அளவுகோலாலேயே அளக்கும் மறுப்பு. சான்று சார்ந்த செயல்முறையைக் கற்பித்ததால் நோயாளிகளின் நலன் கூடியது என்பதற்குச் சான்று எங்கே? நேர்மையாகச் சொன்னால், வலுவான சான்று இல்லை. கற்றவர்களின் அறிவும் திறனும் கூடுவது காட்டப்பட்டிருக்கிறது. நடத்தை மாறுவது ஓரளவு. நோயாளியின் உயிரும் உடலும் வரை தொடர்ந்து அளந்த ஆய்வுகள் மிகக் குறைவு. உடற்கூறியலையோ மருந்தியலையோ கற்பித்ததால் இறப்பு குறைந்தது என்றும் யாரும் ஆய்வு செய்து காட்டியதில்லை என்று இதற்குப் பதில் சொல்வது உண்டு. எனக்கு அந்தப் பதிலில் நிறைவில்லை. மற்றவர்களிடம் ஆதாரம் கேட்கும் துறை தனக்கு மட்டும் சலுகை கேட்கக் கூடாது. நான் சொல்லக்கூடியது குறைவானது: கிடைக்கும் சான்று ஒரே திசையைக் காட்டுகிறது, அது வகுப்பறையிலிருந்து வார்டை நோக்கிய திசை, அந்தத் திசையில் போக ஆகும் செலவும் அற்பம். 2018-இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி, நலவாழ்வுத் தொழிலர் எல்லோரிடமும் இருக்க வேண்டிய 68 திறன்களைப் பட்டியலிட்டார்கள். மதிக்கத்தக்க உழைப்பு. 68-ஐயும் பாடத்திட்டத்தில் ஏற்றினால் இன்னொரு கையேடு பிறக்குமே ஒழிய, வார்டில் ஒரு கேள்விகூடக் கூடுதலாக உயிர் பிழைக்காது.

மாணவர்கள் தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். 2019-இல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம் மருத்துவ மாணவரை வாழ்நாள் முழுதும் கற்பவராக ஆக்க வேண்டும் என்கிறது; ஆனால் செய்முறைத் தேர்வின் லாங் கேஸில் நாம் கேட்பதெல்லாம் ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகள். அந்த லாங் கேஸின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கலாம்: இந்த நோயாளியைப் பற்றி உங்களுக்கு உறுதியில்லாத ஒன்று என்ன, அதை எங்கே தேடினீர்கள், கிடைத்தது இவருக்குப் பொருந்துமா? தேடப் பதினைந்து நிமிடமும் ஒரு கணினியும் கொடுக்கலாம். எனக்கு எல்லாம் உறுதியாகத் தெரியும் என்று சொல்பவருக்கு மதிப்பெண் இல்லை. செவிலியர் செய்முறைத் தேர்விலும் இதையே, ரைல்ஸ் டியூபைப் பற்றியோ படுக்கைப் புண்ணைப் பற்றியோ கேட்கலாம். தேர்வாளருக்கே விடை தெரியாத கேள்விக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று உடனே கேட்பார்கள். விடைக்கு மதிப்பெண் இல்லை; கேள்வி எவ்வளவு கூர்மை, தேடிய இடம் சரியா, பொருத்திப் பார்த்த முறை சரியா என்பவற்றுக்குத்தான். இவ்வகைத் திறனை மதிப்பிட 2003-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் உருவாக்கி, சோதித்துப் பார்த்த மதிப்பெண் அட்டவணையே இருக்கிறது. நம் பாடங்களுக்கு ஏற்ப அதைத் திருத்திக்கொள்ளலாம். பல்கலைக்கழகத் தேர்வை மாற்றக் காலம் பிடிக்கும். வார்டு முடியும்போது நடக்கும் தேர்வும் லாக் புத்தகமும் துறைகளின் கையிலேயே இருக்கின்றன. அடுத்த பேட்ச் வார்டுக்கு வரும்போதே அங்கே தொடங்கிவிடலாம்.